தாம்பரத்தில் பெய்யும் மழை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் தாம்பரத்தில் அருகருகே செல்கின்றன. நாள்தோறும் பல்லாயிரவர் இவ்விரண்டையும் கடக்கின்றனர். கடக்குங்கால் நீரின் எல்லை ஒன்றையும் தாண்டுகின்றோம் என்பதை அவருள் அறிந்தோர் சிலரே. அவ்விடத்தில் மலை இல்லை. கண்ணுக்குப் புலனாகும் மேடும் இல்லை. ஆயினும், ஏறத்தாழ அப்பாதையை ஒட்டியே நிலம் இருபுறமும் மெல்லச் சரிகின்றது. மேற்குத் தாம்பரத்தில் விழும் மழைத்துளி முடிச்சூர்ப் பக்கமாக ஓடி, அடையாற்றிற் கலந்து, வடகிழக்காகச் சென்று, அடையாற்று முகத்துவாரத்தில் கடலை அடையும். கிழக்கே விழும் துளியோ சேலையூர், செம்பாக்கம் முதலிய ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்று, ஒக்கியம் மடுவைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயிற் புகுந்து, கோவளத்தை அடுத்த கழிமுகத்தில் கடலைக் காணும். ஒரே மேகத்திலிருந்து விழுந்த இரு துளிகள் கடலைச் சேரும் இடங்கள் ஒன்றுக்கொன்று 20 கிலோமீட்டருக்கும் மேல் விலகியவை.

ஓர் ஆற்றுக்கோ ஏரிக்கோ நீர் தரும் நிலப்பரப்பு முழுவதையும் அதன் நீர்ப்பிடிப்பு நிலம் என்பர். இரண்டு நீர்ப்பிடிப்பு நிலங்களைப் பிரித்து நிற்கும் மேடு நீர்பிரி மேடு எனப்படும். அரசு வகுக்கும் எல்லைகள் காலந்தோறும் மாறுவன. செங்கற்பட்டு 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. தாம்பரம் 2021ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. மழைநீர் இவற்றை அறியாது. ஆதலின், நீரை ஆராய்வோர் ஊர்ப் படத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படத்தை முதலில் விரித்துப் பார்ப்பர்.

அப்படத்தில் அடையாற்றைத் தேடுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். காவிரியைப்போல அஃது ஒரு மலையிற் பிறப்பதன்று. ஆதனூர், மலைப்பட்டு முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரே அதன் தொடக்கம். நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டரே. அதன் தலைப்பகுதிக்கு அண்மையிலுள்ள மணிமங்கலம், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களுள் ஒன்று. வரலாறு படிக்கும் மாணவர் அவ்வூரைப் போருக்காக நினைவிற் கொள்வர். நீர்நூல் படிப்போர் அதன் ஏரிக்காக நினைவிற் கொள்வர்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகளின் நாடு எனல் தகும். நிலம் சரியும் திசையை நோக்கி முன்னோர் பிறை வடிவிற் கரை எழுப்பினர். மேட்டிலிருந்து நீரைக் கொணரும் வரத்துக்கால் ஒன்று, வயலுக்கு நீர் விடும் மதகு ஒன்று, மிகுந்த நீர் தானே வழிந்து செல்லக் கலங்கல் ஒன்று என அமைத்தனர். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் வீணாவதில்லை. அடுத்த ஊர் ஏரிக்கு அதுவே வரத்து ஆகும். இவ்வாறு சங்கிலிபோல் ஏரிகள் தொடர்ந்தன. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைக் குறிப்பிடுகின்றன. ஓர் ஊரின் ஆட்சியில் ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்ததெனின், அக்காலத்தார் அதற்கு அளித்த மதிப்பு விளங்கும்.

ஏரியை நீரைத் தேக்கும் கலமாக மட்டும் கருதுவது குறைபட்ட அறிவு. அது வெள்ளத்தின் விரைவை அடக்கும் கருவியும் ஆகும். மேட்டில் ஒரு மணி நேரத்தில் பெய்த மழை, ஏரி இல்லையெனின், சில மணி நேரத்தில் ஆற்றில் வந்து குவியும். இடையில் ஐந்தாறு ஏரிகள் இருப்பின் அந்நீர் ஒவ்வோர் ஏரியிலும் பரந்து நின்று, கலங்கலின் அகலத்திற்கு ஏற்பச் சிறிது சிறிதாக வெளியேறும். ஆற்றுக்கு வரும் மொத்த நீர் பெரிதும் குறையாவிடினும், அது வந்து சேரும் காலம் நீளும். காலம் நீளவே உயரம் குறையும். தாம்பரத்தைச் சூழ்ந்த வயல்கள் வீட்டுமனைகள் ஆனபின், மதகைத் திறந்துவிடுமாறு கேட்பார் இல்லாது போயினர். ஏரியின் பயனைப் பெற்றுவந்த உழவர் நீங்கியதும் அதனைக் காப்பாரும் நீங்கினர். உள்வாயில் வீடுகள் எழுந்தன. வரத்துக்கால்கள் தெருக்கள் ஆயின. பல ஏரிகளிற் கழிவுநீர் புகுந்தது. ஏரிகள் அழிந்தமைக்கு மக்கட்பெருக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது எளிது. உரியவர் இன்றி அவை நின்றமையே அதனினும் பெரிய காரணம்.

மேலே ஓடும் நீரை அறிந்தது போதாது; கீழே தங்கும் நீரையும் அறிதல் வேண்டும். பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் ஆகிய இடங்களின் அடித்தளம் சார்னோகைட்டு என்னும் கரும்பாறை. இப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கு என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனது. நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து 1893ஆம் ஆண்டில் அவர் பெயரையே இக்கல்லுக்கு இட்டார். சென்னைப் பகுதியிலிருந்து சென்ற கல், கல்கத்தாவிற் பெயர் பெற்றுத் திரும்பிற்று! இன்று உலகெங்கும் நிலவியலார் இப்பாறையைப் பற்றிப் பேசுங்கால் பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் குறிப்பிடுகின்றனர்.

இப்பாறை மணலைப்போல நீரை உறிஞ்சாது. காலப்போக்கில் சிதைந்து பொடிந்த மேற்பகுதியிலும், அதன்கீழ் உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். சிதைந்த பாறையில், நூறு பங்கு கன அளவில் ஏறத்தாழ இரண்டு பங்கே கிணற்றுக்கு ஊறிவரும் நீர் எனக் கொள்ளலாம். இதனால் விளைவது யாதெனின், 10 சென்டிமீட்டர் அளவு மழைநீர் மண்ணுள் இறங்கினாலே கிணற்றின் நீர்மட்டம் 5 மீட்டர் ஏறிவிடும். அதே அளவு நீர் திருவான்மியூர்க் கடலோர மணலில் இறங்கின், மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறாது. தாம்பரத்தார் கார்த்திகையில் தம் கிணறு கைக்கு எட்டும் உயரத்தில் நிறைந்தது கண்டு மகிழ்வர். வைகாசியில் அது வறண்டது கண்டு வருந்துவர். விரைவில் ஏறுவதும் விரைவில் இறங்குவதும் ஒரே காரணத்தால் நிகழ்வன. கிணறு நிறைந்து காணப்படுவதால் நிலத்தடியில் நீர் மிக உண்டு என்று முடிவு கட்டுதல் இப்பகுதியிற் பொருந்தாது.

கடலோர மணலின் இயல்பு வேறு. அங்கே மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் எடை உப்புநீரின் எடையினும் சிறிது குறைந்தது அன்றோ? கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது பரந்திருக்கும் என்று ஐரோப்பிய அறிஞர் கைபனும் ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். இதன் மறுபுறம் அச்சந் தருவது. இடைவிடாது இறைத்து அந்த ஒரு மீட்டரை இழந்தால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் எழுந்துவரும். அங்ஙனம் உவர்த்துப்போன கிணற்றை ஒரு மழைக்காலத்தில் மீட்டல் அரிது. குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதியிலோ இடர் மற்றொரு வகையில் வந்தது. தோல் பதனிடும் தொழிலில் பயன்படும் குரோமியம் கழிவுநீரோடு மண்ணுள் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்ததை ஆய்வாளர் பலர் கண்டு எழுதியுள்ளனர்.

இவற்றையெல்லாம் அளப்பது எவ்வாறு? மழையை அளக்கும் கருவி யாவரும் அறிந்ததே. சென்னையில் மழைக்குறிப்பு 1813ஆம் ஆண்டு தொடங்கிக் கிடைக்கின்றது. இந்தியாவில் இத்துணைப் பழைமையான குறிப்புகள் மிகச் சில. நிலத்தடி நீரை அறிய நோக்குக் கிணறுகள் உள்ளன. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசின் நிலநீர்ப் பிரிவும் குறித்த காலங்களில் இவற்றின் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்கின்றன. அளவுநாடாவை இறக்கி, ஈரம் பட்ட இடத்தைக் குறித்துக்கொள்வது எளிய செயலே. எனினும், ஒரு கிணற்றை ஒரு நாள் அளப்பதால் யாதும் விளங்காது. பல கிணறுகளைப் பல ஆண்டுகள் தவறாது அளந்தவரே நிலத்தடி நீரின் போக்கைச் சொல்ல வல்லவர்.

ஓடும் நீரை அளப்பது இவற்றினும் கடினம். ஆற்றின் குறுக்கே ஓரிடத்தைத் தேர்ந்து, அகலத்தைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் ஆழத்தையும் அளப்பர். பின்னர், நீரோட்டத்தாற் சுழலும் சக்கரக் கருவி ஒன்றை உள்ளே இறக்கி விரைவை அறிவர். பரப்பையும் விரைவையும் பெருக்கினால் ஒரு நொடியிற் செல்லும் நீரின் அளவு கிடைக்கும். 20 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் ஆழமும் உள்ள ஓடையில் நீர் நொடிக்கு அரை மீட்டர் செல்லின், நொடிக்கு 15 கன மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 530 கன அடி ஆகும். வெவ்வேறு உயரங்களில் இவ்வாறு பலமுறை அளந்து அட்டவணை செய்துகொண்டால், பிறகு நீர்மட்ட அளவுகோலை மட்டும் பார்த்து ஓட்டத்தைக் கூறிவிடலாம். பெருவெள்ளத்தில் ஆற்றில் இறங்கி அளப்பார் யார்? வெள்ளம் வடிந்தபின் சுவர்களிலும் பாலத்தூண்களிலும் எஞ்சிய சேற்றுக்குறிகளை அளந்து கணக்கிடுவதே வழி.

2015ஆம் ஆண்டின் இறுதியில் இத்தகைய குறிகள் தென்சென்னையின் வீடுகளில் ஆள் உயரத்திற்கும் மேலே காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பின் எந்த நவம்பரிலும் அத்தகைய மழையை நகரம் கண்டதில்லை. ஏரிகள் நிரம்பின, மண் நீரைக் குடித்துத் தெவிட்டி நின்றது. அந்நிலையில் டிசம்பர் 1ஆம் நாள் மழை மீண்டும் தொடங்கிற்று. மறுநாட் காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் 35 சென்டிமீட்டர் எனப் பதிவாயிற்று. சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையில் மூன்றில் ஒரு பங்கை ஒரே நாளில் பெற்றது தாம்பரம்.

49 சென்டிமீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் அம்மழை 49 கோடி லிட்டர் நீராகும். நீளமும் அகலமும் பத்துப் பத்துக் கிலோமீட்டராக உள்ள நிலத்தில், செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவாகிய 3,645 மில்லியன் கன அடியில் ஏறக்குறையப் பாதியாகும். நிறைந்த ஏரிகளும் நனைந்த மண்ணும் அந்நீரில் எதனையும் ஏற்கும் நிலையில் இல்லை. வந்தது முழுவதும் ஓடியாக வேண்டியதாயிற்று.

முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. தெருக்களிற் படகு சென்றது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தின் ஓடுபாதை ஏரிபோல் ஆகி, டிசம்பர் 6ஆம் நாள் வரை வழக்கமான பயணிகள் போக்குவரத்து நடைபெறவில்லை. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் மூடப்பட்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் ஆற்றோரம் வாழ்ந்தோர் உடுத்திய உடையோடு வெளியேறினர். அப்பருவமழையில் தமிழ்நாடு முழுவதும் உயிரிழந்தோர் 400க்கும் மேற்பட்டவர்.

வெள்ளம் வடிந்ததும் ஒரு வினா எழுந்தது: இந்நீர் எங்கிருந்து வந்தது? செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதே காரணம் என்று பலரும் கூறினர். அன்றிரவு அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் விடப்பட்டது என்பது பொதுப்பணித்துறையின் கணக்கு. நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் அது, சிறிதன்று. ஏரியை இயக்கிய முறையில் குறைகள் உண்டு என்று 2018ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை கூறிற்று. மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை ஆகிய இடங்களைப் பொறுத்தவரை அக்கேள்வி நியாயமானதே.

முடிச்சூரைப் பற்றியோ படம் வேறு விடை தருகின்றது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேரும் இடம் திருநீர்மலை. முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் உள்ளன. நீர் மேல்நோக்கி ஓடாது. கீழே ஆறு நிறைந்து நின்றால் மேல்நீர் வடிவது தாமதிக்கும் என்பது உண்மையே. ஆயினும், அவ்வூர்களை மூழ்கடித்த நீர் ஆதனூர், மண்ணிவாக்கம், பெருங்களத்தூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் வந்த நீரே. நவம்பர் நடுவில் பெய்த மழையிலேயே முடிச்சூர் ஒருமுறை நீரில் நின்றது. பெரிய ஏரி ஒன்றன்மேல் யாவர் கண்ணும் இருந்தது. பெயர் அறியாத சிற்றோடைகளை நோக்குவார் இல்லை. ஒரு பெரிய மதகைத் திறப்பதும் மூடுவதும் பதிவேட்டில் ஏறும். நூறு சிறிய கலங்கல்களில் வழிந்த நீருக்குப் பதிவேடு ஏது? அச்சிற்றோடைகளில் அளவுகோல் நட்டு ஆண்டுக்கணக்கிற் குறிப்பெடுத்தாலன்றி, இத்தகைய வழக்குகளில் ஊகத்திற்கு எதிராக நிறுத்த எண் கிடைக்காது.

அவ்வெள்ளத்திற்குப் பின் அடையாற்றின் மேற்பகுதி அகலப்படுத்தப்பட்டது. மூடு கால்வாய்களும் கட்டப்பட்டன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாள்களில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெல்ல நகர்ந்து பெருமழை பொழிந்தபோது, முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் மீண்டும் நீர் புகுந்தது. ஆற்றுக்கு வழி விரிந்தும், ஆறு பாய்ந்து பரவிய தாழ்நிலத்திலேயே வீடுகள் நின்றன.

அதே புயலில் கிழக்குச் சரிவில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் முதலிய இடங்களும் துன்புற்றன. பள்ளிக்கரணையைப் பழைய மக்கள் கழுவெளி என்பர். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் வழிநீர் இங்கே வந்து கூடும். ஒருகாலத்தில் இதன் பரப்பு 50 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என மதிப்பிடுவர். பயனற்ற நிலம் என்று எண்ணி இதன்மேற் சாலைகளும் கட்டடங்களும் எழுப்பினர், குப்பையும் கொட்டினர். எஞ்சிய பகுதியில் ஏறத்தாழ 1,248 எக்டேர், 2022ஆம் ஆண்டில், உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. நாரைகளும் பூநாரைகளும் அங்கு வருவதைக் காணப் பலர் செல்கின்றனர். பறவைகளுக்காக அந்நிலத்தைப் போற்றுவது நன்றே. எனினும், வேளச்சேரியில் வாழ்வோர்க்கு அது வெள்ளம் வந்து தங்கும் இடம் என்பதே முதற் சிறப்பு.

மிகுதியைக் கண்ட இந்நகரமே நான்காண்டு கழியுமுன் பற்றாக்குறையையும் கண்டது. 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நகருக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியிற் குடிநீர் கொணரப்பட்டது. முதல் வண்டி கொணர்ந்தது 25 லட்சம் லிட்டர். தாம்பரத்தில் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே நாளில் ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்த மழையைச் சுமக்க, அத்தகைய வண்டிகள் ஏறக்குறைய 200 வேண்டும்.

வீடுதோறும் மழைநீரை மண்ணுள் இறக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. கூரையில் விழும் நீரைக் குழாய் வழியே கொணர்ந்து, கூழாங்கல்லும் மணலும் இட்ட குழியிலோ பழைய கிணற்றிலோ விடுவதே அம்முறை. மணற்பாங்கான இடங்களில் அதன் பயன் விரைவில் தெரிந்தது. கரும்பாறை நிலத்தில் குழி சிதைந்த பாறையை எட்டினாலன்றி நீர் இறங்குவதில்லை; களிமண்ணில் நின்றுவிடும் குழி பெயருக்கு மட்டும் உதவும். ஆண்டுதோறும் குழியிற் படியும் வண்டலை அகற்றாதவிடத்தும் அதுவே நேரும்.

வறட்சி கடுமையாக இருந்த அந்த 2019ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிட்லப்பாக்கத்து மக்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தம் ஏரியில் இறங்கினர். விடுமுறை நாள்களில் முதியோரும் சிறுவரும் கூடிக் குப்பையை அகற்றினர்; தூர் எடுத்தனர். அவர்தம் கைகளால் ஏரி முழுவதையும் ஆழப்படுத்தல் இயலாது. ஆயினும், அரசின் பார்வை அங்கே திரும்பிற்று. அடுத்த மாதமே ஏரியைச் சீர்செய்ய 25 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. சிட்லப்பாக்கத்தில் மிகும் நீர் செம்பாக்கத்திற்குச் செல்ல வேண்டும். செம்பாக்கத்து நீர் நன்மங்கலத்திற்கும், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகக் கழுவெளிக்கும் செல்ல வேண்டும். செம்பாக்கத்து ஏரியும் பின்னர்த் தூர்வாரப்பட்டது. ஏரிகளுக்கு இடையே உள்ள கால்வாய்கள் பல இடங்களில் இன்றும் ஒடுங்கியே கிடக்கின்றன.